ஆள் யாரும் இல்லை

கம்பெனி வாசலில் அந்தப் பெண் நீட்டிய செல்போனில் ஃபெலிக்ஸ் எல்லாவற்றையும் பார்த்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளில் கிடந்த துண்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடி, பின்னால் ஏதோ கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைப் பட்டை, இரண்டு பக்கமும் இரண்டு காதுகள். காதுகளுக்கு நடுவில் இருந்ததை மட்டும் பார்க்க முடியவில்லை. படம் கலங்கியிருக்கவில்லை. அந்த இடத்தை யாரும் அழித்திருக்கவும் இல்லை. கண் அங்கே போனது. போனதும், ஈரத்தரையில் கால் வழுக்குவது போல வழுக்கி, ஒரு காதிலோ சட்டைக் காலரிலோ போய் நின்றது.

திரும்பப் பார்த்தான். திரும்பவும் வழுக்கியது.

“இவருதாங்க. மருதமுத்து. நேத்து ரெண்டாம் ஷிப்டுக்கு உங்ககிட்டதாங்க வந்தாரு. இன்னும் வூட்டுக்கு வரலைங்க. போன் அடிச்சிகினே இருக்குது, எடுக்க மாட்டேங்கிறாரு” என்றாள்.

வெயிலில் படம் தெரியவில்லை என்று ஃபெலிக்ஸ் சொன்னான். அவள் முந்தானையை இழுத்துப் போனுக்கு நிழல் பிடித்தாள். நிழலில் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. காண்ட்ராக்ட் விவகாரமெல்லாம் தனக்குத் தெரியாது, காண்ட்ராக்டர் தனகோடியைத்தான் கேட்க வேண்டும் என்றான்.

“அவரக் கேட்டாச்சிங்க. ஊருக்குப் போயிட்டான்னு சொல்றாரு. நாங்க இருக்கறதே ஊர்லதாங்க. இவரு வேற எந்த ஊருக்குப் போவாரு?”

பதில் சொல்வதற்காக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மூக்குத்தி ஒன்று வெயிலில் மின்னியது. அதைச் சுற்றி எதுவும் நிலைக்கவில்லை. நேற்று சரியாகத் தூங்காததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு பைக்கைக் கேட்டுக்குள் தள்ளிப் போனான்.

நெய்வேலியில் மண்ணுக்கடியிலிருந்து பழுப்பு நிலக்கரி வெளியே வருகிறது. அதை எரித்தால் கரண்ட் வருகிறது, கூடவே சாம்பலும் வருகிறது. அந்தச் சாம்பலை வாங்கிச் சேர்த்து, சிமெண்டு ஆலைகளுக்கு டேங்கர் லாரியில் அனுப்புகிற சிறிய தனியார் கம்பெனிகள் டவுன்ஷிப்புக்கு வெளியே உண்டு. குறிஞ்சிப்பாடி ரோட்டில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த அப்படியொரு கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே முக்கியமானது ஒன்றே ஒன்றுதான்: சைலோ. நாலு மாடி உயரத்துக்கு இரும்பில் செய்து நிறுத்திய குதிர். மேலே மூடியோடு ஒரு வாய். கீழே புனல் மாதிரி குறுகி ஒரு கதவு. கதவுக்கு அடியில் லாரி வந்து நிற்கும்.

சாம்பலின் குணம் விசித்திரமானது. அது முகப்பவுடரை விட மெல்லியது. சும்மா கிடந்தால் இறுகிக்கொள்ளும். அதன் அடியில் காற்றை ஊதினால், ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளை விட்டு விலகி, மொத்தமும் தண்ணீராகிவிடும். அலையடிக்கும். மேலே கல்லைப் போட்டால் முழுகும். லாரிக்கு இறக்குவதற்கு முன்பு அதனால்தான் புளோயரைப் போட்டுக் காற்று விடுவார்கள். ஆனால் காற்று போவது நடுப்பகுதிக்கு மட்டும். கதவைத் திறந்ததும் நடுவில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் விழுந்து அது மட்டும் இறங்கும். சுவரைச் சுற்றி ஒட்டியிருப்பது இறங்காது. மேலே புதுச் சாம்பல் விழ விழ, அது வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். செத்த சாம்பல் என்று அதற்குப் பெயர்.

மழைக்காலத்தில் ஈரம் பட்டு நடுப்பகுதியும் கட்டிக்கொண்டால், மேல் வாய் வழியாக ஒருவனை இடுப்பில் கயிறு கட்டி இறக்கிச் சுத்தியலால் உடைக்கச் சொல்வார்கள். இன்னொருவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த நேரத்தில் புளோயர் ஓடக் கூடாது. அதனால் புளோயரைப் போடுவதற்கு முன்பு, கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். “உள்ள ஆள் இருக்கா?” அதுதான் விதி. நல்ல விதிதான்.

சிக்கல் அந்தச் சொல்லில் இருந்தது. கம்பெனியில் ஆள் என்றால் வெள்ளை ஹெல்மெட். சம்பளப் பட்டியலில் பேர் இருப்பவர். மஞ்சள் ஹெல்மெட் போட்டுக் காண்ட்ராக்டில் வருகிறவர்களை உருப்படி என்பார்கள். சலவைக்குத் துணி போடும்போது எண்ணுகிறோமே, அந்த உருப்படி. இன்னிக்கு ஆள் குறைவு, உருப்படி நிறைய. ரெண்டு உருப்படி மேல அனுப்பு. யாரும் திட்டுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. ஃபெலிக்ஸே ஆறு வருஷம் உருப்படியாக இருந்து, போன வருஷம்தான் ஆள் ஆனான். அடுத்த மாதம் பர்மனென்ட் ஆர்டர் வர வேண்டும். வெள்ளை ஹெல்மெட் வந்த முதல் நாள் அதை வீட்டுக்கே கொண்டுபோய் மகளின் தலையில் வைத்துப் போட்டோ எடுத்தான்.

நேற்றுச் சாயங்காலம் சைலோ அடைத்துக்கொண்டது. ஃபெலிக்ஸ் இரண்டு உருப்படிகளை மேலே அனுப்பினான். ஒருவன் கயிறு கட்டி உள்ளே இறங்கினான். கயிற்றைப் பிடித்திருந்தவனை, பெரிய சுத்தியல் எடுத்துவர ஃபெலிக்ஸ்தான் கீழே கூப்பிட்டான். அப்போது போன் அடித்தது. கண்ட்ரோல் ரூமில் அருண்பிரசாத். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“உள்ள ஆள் இருக்குங்களா சார்?”

“ஆள் யாரும் இல்ல.”

பொய் சொல்லவில்லை. வெள்ளை ஹெல்மெட் யாரும் உள்ளே இல்லை. இந்த இடத்தில் பழகிய யாராக இருந்தாலும் “உருப்படி?” என்று அடுத்ததைக் கேட்டிருப்பார்கள். அருண்பிரசாத்துக்கு அந்தச் சொல் இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை. அவன் ஊரில் ஆள் என்றால் ஆள்.

புளோயர் உறுமியது. ஃபெலிக்ஸ் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் லாரி பாதி நிரம்பியிருந்தது. ஏணியில் ஏறி வாய்க்குள் டார்ச் அடித்தான். வெறும் புகை. கயிறு இல்லை. இறங்கி வந்தபோது கீழே நின்ற தனகோடி, அடைப்பு எடுத்ததும் அவன் அந்தப் பக்க ஏணி வழியாக இறங்கிப் போயிருப்பான், கயிற்றையும் சுருட்டிக்கொண்டு போயிருப்பான், எல்லாம் திருட்டுப் பயல்கள் என்றார். சைலோவுக்கு அந்தப் பக்கம் ஏணி கிடையாது. அது இருவருக்கும் தெரியும். ஃபெலிக்ஸ் சரி என்று தலையாட்டினான். அந்த உருப்படியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர அப்போதே முயன்று பார்த்தான். மஞ்சள் ஹெல்மெட் வந்தது. அதற்குக் கீழே துணி மாஸ்க் வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் வரவில்லை.

இன்று உள்ளே போனபோது மஞ்சள் ஹெல்மெட்டுகள் செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. புளிச்சோற்று வாசனை. யாரோ ஏதோ கேலி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஃபெலிக்ஸ் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு கேட்டது. சிரிக்கிற வாய் எதிலும் இல்லை. கைகள் சோற்றை உருட்டி மேலே கொண்டுபோயின. அங்கே தேய்த்துக் கழுவிய அலுமினியத் தட்டு மாதிரி, சாம்பல் நிறத்தில், வழவழவென்று ஏதோ இருந்தது. சோறு அதற்குள் போய் மறைந்தது.

“இன்னா சார், பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?” என்று தனகோடி பக்கத்தில் வந்தார். அவருக்கு முகம் இருந்தது. வெற்றிலைச் சிவப்பு, மீசை, பொட்டு எல்லாம் இருந்தது. ஃபெலிக்ஸுக்கு அழுகை வரும் போல இருந்தது. வாசலில் அந்தப் பெண் நிற்பதைச் சொன்னான். தனகோடி துப்பிவிட்டு வந்து, அவளுக்குச் சின்னம்மாள் என்று பேர், ரெண்டு நாள் நிற்பாள், பிறகு கையில் ஏதாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். போலீஸ் என்று வந்தால் யார் போனில் என்ன சொன்னார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள், நீதானே சொன்னாய் என்றார். “உன் ஆர்டர நெனச்சிக்க.”

சைலோவின் அடித்தூண் ஒன்றில் ஆணிகள் உண்டு. மேலே ஏறுகிறவர்கள் சட்டையைக் கழற்றி அதில் மாட்டுவார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று அதில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. ஆனாலும் சட்டையின் பை நடுங்கியது. நின்றது. நடுங்கியது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த போன், இரும்புத் தூணில் பட்டு வண்டு மாதிரி ரீங்கரித்தது.

வாசலில் நிற்கிறவள் கூப்பிடுகிறாள்.

ஃபெலிக்ஸ் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பைக்குள் கையை விட்டான். போன் சூடாக இருந்தது. அணைத்தான். சட்டையைச் சுருட்டிச் சாம்பல் மூட்டைகளுக்குப் பின்னால் திணித்தான். அதில் வேர்வை வாசனையும் பீடி வாசனையும் இருந்தன. தன் பழைய சட்டைகளில் இருந்த அதே வாசனை.

அப்போதுதான் கேட்டது.

டங்.

இரும்பு வெயிலில் விரியும். விரியும்போது சத்தம் போடும். நாலு மாடி இரும்பு கொஞ்சம் பலமாகவே போடும். ஃபெலிக்ஸுக்கு அது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அவனே விளக்கிச் சொல்லியிருக்கிறான். ஆனால் விரிகிற இரும்பு ஓரிடத்தில் சத்தம் போடாது, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போடும்.

டங். டங்.

அதே இடம். தலைக்கு மேலே, புனல் தொடங்குகிற உயரத்தில், சுவரோரமாக. செத்த சாம்பல் ஒட்டியிருக்கும் இடத்தில்.

இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தான். யோசித்தான். நடுவில் இறங்கும்போது ஒருவன் சுவர்ப்பக்கம் தாவியிருந்தால். மூக்கில் மாஸ்க் நழுவாமல் இருந்திருந்தால். சுத்தியல் கையிலேயே இருந்திருந்தால். மேலே சாம்பல் விழாத ஒரு இடுக்கு கிடைத்திருந்தால். எல்லாம் நடக்கக்கூடியதுதான். சைலோ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவனுக்கு அது நடக்கக்கூடியது என்று தெரியும். பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றினால் திறக்கலாம்.

திறந்தால் எல்லோரும் வருவார்கள். யார் சொன்னது என்று கேட்பார்கள்.

டங்.

உள்ளங்கையில் உணர்ந்தான். மெதுவாக. கை ஓய்ந்தவன் தட்டுவது மாதிரி.

போன் அடித்தது.

“சார், லாரி வந்துருச்சுங்க. புளோயர் போடணும்” என்றான் அருண்பிரசாத். அவன் மூச்சு கேட்டது. “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து நெசமாவே உள்ள யாரும் இல்லீங்கல்ல? இன்னைக்கும் கேட்டுக்கறனுங்க. உள்ள ஆள் இருக்குங்களா?”

இந்த முறை ஃபெலிக்ஸுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருந்தது. கை இன்னும் இரும்பின் மேல்தான் இருந்தது.

“ஆள் யாரும் இல்ல” என்றான்.

புளோயர் உறுமியது. சாம்பல் தண்ணீரானது. உள்ளங்கைக்கு அடியில் அது ஓடுவது தெரிந்தது. பெரிய மிருகத்தின் வயிறு மாதிரி. கொஞ்ச நேரம் இரண்டு மூன்று தட்டல்கள் வேகமாக வந்தன. பிறகு சாம்பல் மட்டும் ஓடியது.

தனகோடி வந்து என்ன ஆயிற்று என்றார். குரல் அவருடையது. மீசைக்கு மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை. பிறகு மீசையும் இல்லை.

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஃபெலிக்ஸ் கிளம்பினான். இன்னும் இருட்டவில்லை. கேட்டுக்கு வெளியே முந்திரி மரத்தடியில் பெண்கள் சிலர் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒருத்தி மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தியை வைத்து அடையாளம் கண்டான். அவள் எழுந்து வண்டியின் குறுக்கே வந்தாள். இந்த முறை போனை நீட்டவில்லை.

“உள்ள பாத்தீங்களா சார்? எப்படி இருந்தாலும் சொல்லிடுங்க. நான் அழ மாட்டேன். எனக்கு அவரு வேணும், அவ்ளோதாங்க. எரிக்கறதோ பொதைக்கறதோ, எங்க கையால செய்யணும். உள்ள ஆள் இருக்காருங்களா?”

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம். நாக்கு வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தான். பார்க்க அங்கே எதுவும் இல்லை. எதுவும் இல்லாத ஒன்றிடம் எதைச் சொல்வது?

“ஆள் யாரும் இல்லம்மா.”

மூக்குத்தியும் போயிற்று.

ஆர்ச் கேட்டைத் தாண்டி டவுன்ஷிப்புக்குள் வந்தான். மரங்கள் இருந்தன. குவார்ட்டர்ஸ் மஞ்சள் சுவர்கள் இருந்தன. தூரத்தில் கூலிங் டவர் ஆவி விட்டது. ஷிப்ட் பஸ் ஒன்று எதிரே வந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். வரிசையாக. வழவழவென்று. மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்கிறவன் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். பதினைந்து வருஷமாகத் தெரிந்த குரல். ஃபெலிக்ஸ் திரும்பவில்லை.

மனைவி ஸ்டெல்லா டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் அது. அவன் வந்தபோது அவள் ஈவினிங் டியூட்டிக்குக் கிளம்பி வாசலில் வெள்ளைப் புடவையில் நின்றாள். வெள்ளைப் புடவை. கைக்கடிகாரம். மல்லிகை வாசனை. அதற்கு மேல் அவன் பார்க்கவில்லை.

“என்னங்க, பர்மனென்ட் ஆகறதுக்கு முன்னாடியே லீவு போட ஆரம்பிச்சாச்சா? ஏன் தரையப் பாத்துக்கிட்டே பேசறீங்க, காசு கீசு விழுந்துடுச்சா?” என்றாள்.

தலைவலி என்றான். பக்கத்து வீட்டில் இன்று அன்பியக் கூட்டம், ஜெபத்துக்கு வந்து கூப்பிடுவார்கள், வசனம் வாசிப்பது நம் எவாஞ்சலின்தான், தலை மட்டும் பின்னிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

எவாஞ்சலின் கூடத்தில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பைபிளில் விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். நீலப் பாவாடை. ஈரத் தலை. இரண்டாம் வகுப்பு.

“திரும்பாத” என்றான். “அப்படியே இரு. அப்பா பின்னிவிடறேன்.”

ஸ்டூலை இழுத்துப் பின்னால் உட்கார்ந்தான். சீப்பை எடுத்தான். வகிடு தெரிந்தது. வகிட்டில் பொடுகு தெரிந்தது. கழுத்தில் பூனைமுடி, வேர்க்குரு, காதில் சின்னத் தோடு. எல்லாம் தெரிந்தது. தலையின் பின்பக்கம் தலையின் பின்பக்கமாகவே இருந்தது. அவனுக்கு மூச்சு சீரானது. முடியை இரண்டாக வகுத்து, ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தான். இடதை நடுவில் போட்டு, வலதை நடுவில் போட்டு, மெதுவாகப் பின்னினான். இதை முடிக்காமலே இருக்கலாம் என்று தோன்றியது. முடிந்ததும் அவிழ்த்து மறுபடி பின்னினான்.

“அப்பா, எவ்ளோ நேரம்?”

“இதோ.”

“நான் இன்னைக்கு என்ன வாசிக்கறேன் தெரியுமா?”

“திரும்பாத.”

அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். உன் சகோதரன் எங்கே என்று, தம்பியைக் கொன்றவனிடம் கடவுள் கேட்கிற பகுதி. அவள் குரல்தான். ‘ச’ வராமல் தடுமாறுகிற, அவளுடைய குரல். ரிப்பனைச் சுற்றினான். முடிச்சுப் போட்டான். சாம்பல் வாசனை வந்தது. தன் கையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தான். கையை முகர்ந்தான். சோப்பு வாசனைதான் இருந்தது.

“முடிஞ்சுதா?”

“பாப்பா, திரும்பா—”

திரும்பினாள்.

வழவழவென்று இல்லை.

முகம் இருந்தது. அவன் கண் வழுக்கவில்லை. போன இடத்தில் நின்றது. விலக்கவும் முடியவில்லை. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய பழைய தழும்பு. ஒட்டிய கன்னம். நாலு நாள் தாடியின் ஒவ்வொரு முடியிலும் சாம்பல். மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய கோடு. ஓரம் உடைந்த முன்பல். வெடித்த உதடு. இமைகளில் சாம்பல் அப்பி, அதற்குள் இரண்டு கண்கள், சிவந்து, ஈரமாக, அவனையே பார்த்துக்கொண்டு. நாற்பது வயது. நேற்று ஏணியில் ஏறுமுன் திரும்பி, பாத்துக்கங்க சார் என்று சொன்ன முகம். இப்போது நன்றாகத் தெரிந்தது. பேர்கூட நினைவுக்கு வந்தது: மருதமுத்து.

ஒரு சின்ன உடம்பின் மேல் அது இருந்தது. இரட்டைப் பின்னலுக்கு நடுவில்.

“நல்லா இருக்கா அப்பா?” என்றது.

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம். ஜெபத்துக்குக் கூப்பிட வந்தவர்கள். ஃபெலிக்ஸ், ஃபெலிக்ஸ் என்று பெண் குரல்களும் ஆண் குரல்களும். கதவு திறந்துதான் இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பட்டுப் புடவையின் மேல் அது இருந்தது. கதர்ச் சட்டையின் மேல் அது இருந்தது. கைக்குழந்தை ஒன்றின் மேல், அந்தத் தாடியோடு, அந்தத் தழும்போடு, இருந்தது.

ஃபெலிக்ஸ் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தான். நகர இடமில்லை.

“தூக்கு அப்பா” என்று இரண்டு சின்னக் கைகள் உயர்ந்தன. வளையல்கள் சரிந்தன. அவன் தூக்கவில்லை. அவளே மடியில் ஏறினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சொரசொரத்த கன்னம், இரும்பின் சூட்டோடு, அவன் கன்னத்தில் வந்து அழுந்தியது.